ஒரே பதிவில் இருவர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த 2007இல், கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குள் இரண்டு கட்சி இருந்தது. நான் வடமேற்குக் கரையில் எழும்பிக்கொண்டிருந்த அனல் மின்நிலையத்தில் வெல்டர். என் மனைவி செலீனின் அண்ணன் கிளறன்ஸ், அந்த நிலையமே வேண்டாமென்று மாதா கோயில் வாசலில் கையெழுத்துச் சேர்ப்பவர். நிலக்கரிப் புகை பூமியைச் சூடாக்கும், கடல் கெடும், மீன் ஓடிவிடும் என்று சாப்பாட்டு மேசையிலும் அவருக்குப் பிரசங்கம்தான். இத்தனைக்கும் மனிதர் தினமும் காலையில் மின்சார அயன்பெட்டியால் சட்டை தேய்க்காமல் வாசல் தாண்டமாட்டார்.

"கரன்ட் எங்கயிருந்து வருதாம்? மாதாவா அனுப்புறா?" என்பேன்.

"மீன்பிடிக்கிறவன்ட வயித்துல அடிச்சு வர்ற கரன்ட் எனக்கு வேணாம்" என்பார், அயன்பெட்டியைக் கீழே வைக்காமலே.

பதினொரு வருஷம் துறைமுகத்தில் நாள்கூலியாகக் கிடந்தவன் நான். திங்கட்கிழமை நிரந்தர நியமனக் கடிதம் கிடைக்கும் என்று கம்பனி மேலாளர் ஹியூபேட் சொல்லியிருந்தார். எதிர்ப்புக்காரரோடு தொடர்புள்ள எவனுக்கும் வேலை இல்லை என்றும் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை எதிர்ப்புக்காரர்கள் கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் கூடினார்கள். ஹியூபேட் எங்கள் தலையில் மஞ்சள் தொப்பியைப் போட்டு, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் அவர்களுக்கு எதிரே நிறுத்தினார். எங்கள் சோற்றில் கை வைக்காதே என்று நாங்கள் சிங்களத்தில் கத்தினோம். எங்கள் கடலில் கை வைக்காதே என்று அவர்கள் சிங்களத்தில் கத்தினார்கள். யாரோ ஒருவன் போத்தல் எறிந்தான். பொலிஸ் வந்தது.

இரண்டு பக்கத்தையும் வரிசையாக நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள். சிங்களவர்கள் இரு பக்கமும் கலைந்து போனார்கள். போத்தல் எறிந்தவனும் போனான். அட்டையில் தமிழ் எழுத்து இருந்தவர்கள் இரண்டே பேர், நானும் கிளறன்ஸும். பொலிஸ் நிலையத்தில் எங்களை ஒரே வாங்கில் இருத்தினார்கள்.

"இவனைத் தெரியுமா?" என்று சார்ஜன்ட் என்னிடம் கேட்டார். என்னைக் கூட்டிப்போக வந்த ஹியூபேட் வாசலில் நின்றார். தெரியாது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

கிளறன்ஸ் முந்திக்கொண்டார். "இந்தாள நான் முன்னப் பின்ன கண்டதே இல்ல, மாத்தயா" என்றார் சிங்களத்தில்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. ஹியூபேட் கையெழுத்து வைத்தார். நான் திரும்பிப் பார்க்காமல் அவருடைய வான் வண்டியில் ஏறினேன்.

"அண்ணன் எங்க?" என்றாள் செலீன், நான் வீட்டுக்குள் நுழைந்ததும். நடந்ததைச் சொன்னேன். அவள் அலுமாரியைத் திறந்து பொலிஸ் பதிவை எடுத்து மேசையில் வைத்தாள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி முத்திரை குத்தின அந்தத் தாள் கொழும்பில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் இருந்தது. கிளறன்ஸ் கொழும்பில் வசிக்கிறவர் என்று காட்டி வெளியே எடுக்க வேறு கடதாசி கிடையாது. ஆனால் அதில் முதல் வரி நான். மூன்றாம் வரி கிளறன்ஸ், வீட்டுக்காரரின் மனைவியின் அண்ணன்.

"நீ கொண்டுபோயேன்" என்றேன்.

"போறன். உங்க பேர வெட்டிட்டா கொண்டுபோறது?"

நான்தான் கொண்டுபோனேன். சார்ஜன்ட் தாளை இரண்டு தரம் படித்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு டெலிபோனை எடுத்து ஹியூபேட்டிடம் எல்லாவற்றையும் சொன்னார். கிளறன்ஸைத் தூஷணத்தால் ஏசி வெளியே விட்டார்.

தெருவுக்கு வந்ததும் கிளறன்ஸ் என்மேல் பாய்ந்தார். "மடையா, உன்ட வேலைக்காகத்தானே பொய் சொன்னன்! நாளைக்கு எப்பிடியும் விட்டிருப்பானுகள்!"

"விடாட்டி? நீங்க மட்டும் கோயில்ல சிலையா நிக்கிற அர்ச்சிஷ்டவர் ஆகலாமெண்டு பாத்தீங்களா?" என்றேன். வீடு வரும் வரைக்கும் சண்டை பிடித்துக்கொண்டே நடந்தோம்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கம்பனி பஸ் எங்கள் சந்திக்கு வரும். எனக்கு அது நிற்காது என்று தெரிந்தும் வெளிக்கிட்டேன். கதிரையில் என் வேலைச் சட்டை மடிப்புக் கலையாமல் கிடந்தது, இன்னும் சூடு ஆறவில்லை. கிளறன்ஸ் அயன்பெட்டியின் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

பஸ் வந்தது. சாரதி என்னைப் பார்த்தான், நிறுத்தவில்லை. அந்தச் சட்டையோடு வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.