கேட்டதுக்கு மட்டும் பதில்

எல்லைச் சாவடி வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தபோதுதான் கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். மதியம் வரை கடையில் பள்ளிச் சீருடை வெட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போட்டது போட்டபடி ஓடிவந்த லட்சணம் இது. பதினான்கு வருடமாகத் தையல்காரி. டேப் கழுத்தில் இருப்பது எனக்கு உறைப்பதே இல்லை. கழற்றிப் பைக்குள் போடலாமென்றால் மூலைக்கு மூலை கேமரா. கழற்றினால் எதையோ ஒளிக்கிறாள் என்பார்கள், கழற்றாவிட்டால் வேலை செய்ய வந்திருக்கிறாள் என்பார்கள். துப்பட்டாவை இழுத்து மேலே போட்டுக்கொண்டேன். அது பட்டுத்துணி, நிற்குமா? வழுக்கிக்கொண்டு இறங்கியது.

எல்லைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகி இரண்டு வருடம். சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு மாதம்கூடத் தேறாது. நான் அங்கேயே போய்க் குடியிருக்க அனுமதி கேட்டு மனுப் போட்டுப் பதினாறு மாதமாகிறது. அது கிடைக்கும்வரை பார்வையாளராகப் போய்வரலாம். பத்து நாள், வேலை எதுவும் செய்யக்கூடாது. மனுவில் 'இவரோடு இங்கேயே வாழ விரும்புகிறேன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கவுன்ட்டரில் வந்து நின்றால் 'பத்தாம் நாள் திரும்பிப் போய்விடுவேன்' என்று சொல்ல வேண்டும். இரண்டும் உண்மைதான். ஆனால் ஒரே வாயால் சொல்லும்போது இரண்டுமே பொய் மாதிரி கேட்கிறது.

மனு எழுதிக் கொடுத்த வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார். "ஒரு தடவை திருப்பி அனுப்பிட்டாங்கன்னா அது ஃபைல்ல ஏறிடும்மா. அப்புறம் ஃபைல் நகராது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கதை சொல்லாதீங்க."

எனக்கு அதில் சிரமமில்லை, எப்போதும் அளந்துதான் பேசுவேன். கதை சொல்கிற ஆள் என் வீட்டுக்காரர்தான். யாராவது லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்கும்வரை வெளியிலிருந்து அவர்களிடம் பேசிக்கொண்டே இருப்பாராம், உள்ளே இருப்பவர்களுக்குப் பயம் தெரியக்கூடாதென்று. கூட வேலை செய்கிறவர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் ரேடியோ. அந்தப் பேச்சில் விழுந்துதான் நானும் கழுத்தை நீட்டினேன்.

என் முறை வந்தது. அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கழுத்துல என்னம்மா?"

"டேப் சார். கழட்ட மறந்துட்டேன்."

"டெய்லரா?"

"ஆமா சார்."

"இங்க வந்தும் தைப்பீங்களோ?"

"இல்ல சார்."

சரியாகத்தான் சொன்னேன். ஆனால் என் குரல் எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். அவருக்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் இவர். என்னைப் பார்த்துவிட்டார். சின்னப் பையன் மாதிரி கையை ஆட்டினார்.

"யாரைப் பாக்கறீங்க?"

"எங்க வீட்டுக்காரர் சார்."

"அவர் நம்பரைச் சொல்லுங்க. நீங்க நடுவுல பேசக்கூடாது. கையும் காட்டக்கூடாது."

ஸ்பீக்கரில் போட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுப்பது தெரிந்தது. யார் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் நிமிர்ந்து நின்று, மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். அங்கே உதடு அசைந்தது, குரல் மட்டும் என் முன்னால் மேஜையில் கேட்டது.

"உங்க வீட்டம்மா எத்தனை நாள் இருப்பாங்க?"

"பத்து நாள் சார்."

எனக்கு மூச்சு வந்தது.

"பத்து நாளும் என்ன செய்வாங்க?"

"வீட்லதான் இருப்பா சார். நான் வேலைக்குப் போயிடுவேன்."

போதும், இதோடு நிறுத்துங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அதிகாரியும் ஒன்றும் கேட்கவில்லை. பேனாவை மூடிவிட்டுச் சும்மா இருந்தார். அந்த மௌனம்தான் கெடுத்தது. எதிராளி பேசாமல் இருந்தால் பயந்திருக்கிறார் என்று நினைத்துப் பழகியவர் இவர்.

"போன தடவை பாவம் சார், நாள் பூரா சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தா. சும்மா இருக்கற கையே இல்ல அது. அதான் இந்தத் தடவை ஒரு தையல் மெஷின் வாங்கி ஜன்னல் ஓரமாப் போட்டிருக்கேன். மாடிவீட்டு அக்காகூட ரெண்டு துணி குடுத்து வெச்சிருக்காங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "அவளுக்குத் தெரியாது சார். சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்," என்றார் அதிகாரி. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மூடிய பேனாவை மறுபடி திறந்து ஒரு தாளில் இரண்டு வரி எழுதினார். "அந்த பெஞ்சில உக்காருங்கம்மா. எந்திரிக்கக் கூடாது." பாஸ்போர்ட்டையும் தாளையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. காவலாளி வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார்.

இவர்மேல் கோபம் வரட்டும் என்று பார்த்தேன், வரவில்லை. ஜன்னல் ஓரத்தில் என்று சொன்னாரே, அங்கே காலையில் வெளிச்சம் நன்றாக வரும். அதையெல்லாம் பார்த்துத்தான் வாங்கிப் போட்டிருக்கிறார். பதினாறு மாதக் காத்திருப்பு அந்த இரண்டு வரியில் போய்விடுமோ என்று சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், எல்லாம் நல்லபடியாகப் பேசிவிட்டேன் என்று. நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன். பிறகு இவர் பின் பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்தார். அணைந்த செல்போன் திரையில் முகம் பார்த்துக்கொண்டே, நான் வெளியே வரவேண்டிய கதவுக்கு நேராக வந்து நின்று, நிதானமாகத் தலைவார ஆரம்பித்தார்.