குட்டைத் தண்ணீர்

மேளக்காரர்கள் வேனிலிருந்து இறங்கியபோது கார்முகில் மாட்டுக்கொட்டகையில் சாணி வாரிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்த அப்பா கோதண்டபாணி அப்படியே போய்விட்டார். எழுபத்தெட்டு வயது. ஒருநாள்கூடப் படுக்கையில் கிடந்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் கல்யாணச் சாவு என்றார்கள். கொட்டகையில் நின்ற பதினொரு மாடுகளுக்கு அதெல்லாம் தெரியாது. விடிந்ததும் கறக்கச் சொல்லிக் கத்தின.

அத்தை ஆராயி தேடிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். "ஏன்டி, அப்பன வாசல்ல போட்டுட்டு இங்க நின்னு வாரிக்கிட்டிருக்க. பைப்பத் தொறந்துவுட்டா அதுவே அடிச்சிக்கிட்டுப் போவுது."

"வாரிட்டுத்தான் கழுவணும் அத்த. இல்லன்னா அப்பா எழுந்திரிச்சி வந்துடுவாரு."

ஆராயி சிரித்துவிட்டாள். உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு அந்த வீட்டில் யாரும் வாரியதில்லை. பைப்பைத் திறந்து விடுவார்கள். சாணியும் மூத்திரமும் கலந்து ஓடையில் இறங்கும். ஓடை போய்க் குட்டையில் விழும். அந்தக் குட்டையை ஏலத்தில் எடுத்து மீன் விட்டிருந்தவர் நல்லமுத்து, அப்பாவின் சித்தப்பா மகன். ஒரு ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழை எருக்குழியையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டு போனது. மறுநாள் குட்டை முழுக்க மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. நல்லமுத்து இரண்டு கூடை செத்த மீனைக் கொண்டுவந்து இந்த வாசலில் கொட்டினார். "இனிமே அவன் நெழலு இந்த வூட்ல படக்கூடாது" என்று ஆராயி மண்ணை வாரித் தூற்றினாள். அப்பா மீனை எல்லாம் பொறுக்கிக் கொண்டுபோய்த் தென்னைக்கு அடியில் புதைத்தார்.

அடுத்த வாரமே கொட்டகைத் தண்ணீரை வடிகட்டக் குழி வெட்ட ஆரம்பித்தார். முதல் குழி சரிந்தது. இரண்டாவது அடைத்துக்கொண்டு ஊரே மூக்கைப் பிடித்தது. பிறகு செராமிக் கம்பெனிகளின் பின்பக்கம் போய், உடைந்த கக்கூஸ் கோப்பையும் பீங்கான் சில்லுமாக மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தார். "பெரியவரு தோட்டத்துல கக்கூஸு நடறாரு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவர் சில்லை இரண்டாவது குழியில் நிரப்பி, மூன்றாவதில் கல்வாழையும் கோரையும் வைத்தார். சாணியை வாரிச் சாணி கேஸ் தொட்டியில் போட்டார். கழுவுகிற தண்ணீர் மட்டும் மூன்று குழியிலும் வடிந்து தீவனப் புல்லுக்குப் போனது. கூரைத் தண்ணீர் கொட்டகைப் பக்கமே வராதபடி தனிக்குழாய் வைத்தார். இதற்கெல்லாம் மூன்று வருஷம் ஆனது. கல்வாழை பூத்ததும் அம்மா காசியம்மாள் ஒன்றைப் பறித்துத் தலையில் வைத்துக்கொள்ள, அப்பா அன்று முழுக்க அவளைக் கேலி செய்தார்.

நல்லமுத்து மட்டும் வரவே இல்லை. கார்முகிலும் அவரைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்பாவுக்காக அவள் செய்தது அது.

கொட்டகை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது, குளிப்பாட்டத் தண்ணீர் எங்கே எடுப்பது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. பங்குனி மாதம், மணிமுத்தாறு வெறும் மணலாகக் கிடந்தது.

"கேன் தண்ணி வாங்கிக்கலாம்" என்றார் யாரோ.

"குட்டையில எடுங்க."

கூட்டம் திரும்பியது. நல்லமுத்து மாலையோடு நின்றிருந்தார். தாடி நரைத்திருந்தது. எல்லாரும் ஆராயியைப் பார்த்தார்கள். மேளம்கூட நின்றுவிட்டது.

நல்லமுத்து யாரையும் பார்க்காமல் பேசினார். "அண்ணன் தெனமும் காலைல அங்கதான் வரும். ஓடையில அழுக்கு இறங்குதான்னு பார்த்துட்டு, மீனுக்குத் தீனி போடும். நாங்க ரெண்டு பேரும் டீ குடிப்போம். ஆறு வருசமா." கொஞ்சம் தயங்கினார். "அக்காவுக்குத் தெரியக்கூடாதுன்னு சொல்லிடுச்சி."

"எனக்குத் தெரியாதாடா?" என்றாள் ஆராயி. "தெனம் சட்டையில மீன் வாடையோட வந்து, பால் சொசைட்டிக்குப் போயிட்டு வரேன்னு சொல்லுவான். பால்ல எங்கடா மீனு வந்துச்சி?"

முதலில் சிரித்தது அம்மா. தலைமாட்டில் உட்கார்ந்து ராத்திரியிலிருந்து அழுதுகொண்டிருந்தவள், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் வாசலே சிரித்தது. தனக்கு மட்டுந்தான் தெரியாமல் போயிருக்கிறது என்று கார்முகிலுக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. அதையும் மீறி அவளுக்கும் சிரிப்பு வந்தது.

நல்லமுத்துவிடம் போய் மாலையை வாங்கிக்கொண்டாள். "நீங்களே காட்டுங்க சித்தப்பா, கொடத்த எங்க முக்கறதுன்னு."

மேளம் முன்னால் போக, ஐந்து குடங்களோடு பெண்கள் குட்டையில் இறங்கினார்கள். முழங்கால் தண்ணீரில் நின்ற கார்முகிலுக்குத் தன் கால்விரல்கள் தெரிந்தன, மெட்டி உட்பட. கெண்டைக் குஞ்சுகள் வந்து கணுக்காலைக் கொத்தின.

வீட்டுக்கு வந்து முதல் குடத்தைச் சாய்க்கப் போனபோது அம்மா கையைப் பிடித்தாள். "இரு. உள்ள என்னமோ ஓடுது."

விரல்நீளக் குஞ்சு ஒன்று குடத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. காரியம் செய்ய வந்தவர் நேரமாகிறது என்று வாயெடுத்தார்.

"இருக்கட்டும், எந்தம்பி ஒண்ணும் அவசரப்பட மாட்டான்" என்றாள் ஆராயி.

கார்முகில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்ப நடந்தாள். பின்னால் நல்லமுத்துவும் வந்தார். கரையில் குனிந்து குடத்தை மெல்லச் சாய்த்தாள். குஞ்சு வாய்விளிம்பில் சற்று நின்றது. பிறகு வாலை ஒருமுறை அசைத்துப் பாசிக்குள் போய்விட்டது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சி சித்தப்பா."

அவள் குடத்தைக் கழுவி மறுபடி முக்கினாள். தண்ணீர் களகளவென்று உள்ளே ஏறியது.