நரியை மேய்த்த பாடகி

நகைச்சுவை நடிகரின் உண்மையான பெயர் அவருடைய பாஸ்போர்ட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் அவர் பஞ்சர். முதல் படத்தில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுபவராக இரண்டு நிமிடம் வந்து, ட்யூபைத் தண்ணீரில் முக்குகிறேன் பேர்வழி என்று தானே தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தார். அன்றிலிருந்து பல் டாக்டர்கூட "பஞ்சர் சார், வாயைத் திறங்க" என்றுதான் சொல்வார்.

அவருக்கும் பாடகிக்கும் விவாகரத்தாகிச் சில வருடங்கள் ஓடிவிட்டன. சேர்ந்து வாழ்ந்த காலத்தில் பாடகி அவரை "என்னங்க" என்பார். பஞ்சர் பாடகியை "நீ, வா, போ" என்பார். நீதிபதி கையெழுத்துப் போட்ட மறுநாள் அது அப்படியே தலைகீழானது. பாடகி "நீ" என்றார். பஞ்சர் "மேடம்" என்றார்.

இரண்டு பேரையும் ஒரே நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டது தொலைக்காட்சிக்காரர்களின் குசும்பு. நிகழ்ச்சியின் பெயர் 'கோழிக்கூடு'. ஏழு பிரபலங்களை ஒரு பெரிய வீட்டுக்குள் அடைத்துவிடுவார்கள். அதில் ஒருவர் ரகசியமாக நரி, மற்ற ஆறு பேரும் கோழிகள். தினமும் மதியம் ஒவ்வொருவராக ஒரு சின்ன அறைக்குள் தனியாகப் போய் வர வேண்டும். கோழிகள் உள்ளே போய்க் கேமராவிடம் புலம்பிவிட்டு வரலாம். நரி மட்டும் யாராவது ஒருவருடைய புகைப்படத்தைக் கூடையில் போடும். அந்த ஆள் காலி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சில நாள் மாலையில் எல்லோரும் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நரி என்று சந்தேகப்படும் ஒருவரை ஓட்டுப் போட்டு வெளியே தள்ளுவார்கள். நரி பிடிபட்டால் பரிசு கோழிகளுக்கு. கடைசிவரை பிடிபடாவிட்டால் முழுப் பரிசும் நரிக்கே.

முதல் நாள் எல்லோர் கண்ணையும் கட்டி நிற்க வைத்தார்கள். தொகுப்பாளினி ஓசைப்படாமல் வந்து ஒருவர் தோளைத் தட்டினார். அது பஞ்சரின் தோள். அவருக்கு உடம்பெல்லாம் கூச்சம். பொங்கி வந்த சிரிப்பை இருமலாக்கி, இருமலைத் தும்மலாக்கி ஒரு வழியாகச் சமாளித்தார்.

அன்றைய சாப்பாட்டைச் சமைத்தவர் சமையல் மேடம். தொலைக்காட்சியில் பல வருடங்களாகச் சமைப்பவர். ஆனால் அந்தச் சமையலைத் தின்று பார்க்கும் வாய்ப்பு அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. இப்போது கிடைத்தது. ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும். சினிமாவில் எல்லோரையும் வெட்டிச் சாய்க்கும் வில்லன் நடிகர், இரண்டு வாய்க்கு மேல் முடியாமல் தட்டை மெல்லத் தள்ளி வைத்தார். முன்னாள் கோல்கீப்பர் தண்ணீரைக் குடித்து உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். பஞ்சர் மட்டும் கண்ணை மூடி, நிதானமாக மென்று மென்று சாப்பிட்டார். சமையல் மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

எதிரே உட்கார்ந்திருந்த பாடகியின் கை அந்தரத்தில் நின்றது. பஞ்சர் எப்போதும் அள்ளிப் போட்டு அப்படியே விழுங்குகிற ஆள். கல்யாண வாழ்க்கையில் அவர் இப்படி மென்று சாப்பிட்டது இரண்டே தடவை. ஒன்று, பாடகியின் பியானோவை அவரைக் கேட்காமல் தன் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்த அன்று. இன்னொன்று, "உன் புதுப் பாட்டு பிரமாதம்" என்று சொன்ன அன்று.

சாப்பிட்டு முடிந்ததும் பாடகி அவரைப் பின்கட்டில் துணி காயப் போடும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு ஈரத் துண்டை எடுத்து இரண்டு பேருடைய காலர் மைக்கையும் சேர்த்து மூடினார்.

"நீதான் நரி."

"என்ன மேடம் இப்படி அபாண்டமா சொல்றீங்க?"

"ஒரு துண்டு உருளைக்கிழங்கை எவ்ளோ நேரம் மென்ன? அது உன் வயித்துக்குள்ள போறதுக்குள்ள எனக்கு மறுபடி பசிக்க ஆரம்பிச்சிடுச்சு."

"பல் வலி மேடம்."

"எந்தப் பல்லு?"

பஞ்சர் அவசரத்தில் இடது கன்னத்தைத் தொட்டார். அந்தப் பக்கம் கடைவாய்ப் பல்லே கிடையாது. அது பாடகிக்கும் தெரியும். பஞ்சர் கையை இறக்கினார்.

"எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறீங்களா?"

"சொன்னா எனக்கு என்ன கிடைக்கும்? பரிசுல ஒரு துக்குடா பங்கு. ஆனா நீ வாயை மூடிக்கிட்டு நான் சொன்ன வேலையைச் செய்யறது இருக்கே, அது எந்தக் கடையிலயும் கிடைக்காது." பாடகி துணி வாளியை அவர் பக்கம் காலால் நகர்த்தினார். "இதெல்லாம் காயப் போடு. நல்லா உதறிட்டுப் போடு."

பஞ்சர் உதறினார்.

அடுத்த நாள் காலையில் பாடகியின் படுக்கையை அவர்தான் விரித்தார். மூலையில் சுருக்கம் இருக்கிறது என்று மறுபடி விரித்தார். டீ போட்டார், ஆறிவிட்டது என்றதும் சூடு பண்ணினார், சூடு பண்ணிய டீ டீயே இல்லை என்றதும் புதிதாகப் போட்டார். பாடகி படி இறங்கும்போது சால்வையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அதைப் பார்த்த வில்லன் நடிகர் கண் கலங்கிப் போனார். "பிரிஞ்ச அப்புறமும் எவ்ளோ மரியாதை பாருங்க" என்று கோல்கீப்பரின் தோளில் சாய்ந்துகொண்டார்.

யாரைச் சாப்பிடுவது என்பதும் பஞ்சரின் கையில் இல்லாமல் போனது. பாட்டுப் போட்டிகளில் நடுவராக இருப்பவர் ஒருவரும் அந்த வீட்டில் இருந்தார். அவர் காலையில் பல் துலக்கியபடியே பாடகியிடம், "மேல போறப்போ உங்க குரல் லேசா வழுக்குது, கவனிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு நடுவர்" என்றார் பாடகி, துண்டுக்கு அடியிலிருந்து.

"மேடம், நான் கோல்கீப்பரைத்தான் போடலாம்னு இருந்தேன். அந்த ஆளு வச்ச கண் வாங்காம என்னையே பார்க்கறாரு."

"அவர் கோல்கீப்பர். எதிர்ல எது வந்தாலும் பார்ப்பார். நடுவரைப் போடு."

நடுவர் போனார். மறுநாள் பாடகிக்கு வைத்திருந்த வெந்நீரை எல்லாம் தானே தீர்த்துவிட்டு, குளியலறையிலிருந்து பாட்டு வேறு முணுமுணுத்தபடி வந்தார் செய்தி வாசிப்பாளர். மதியம் அவரும் போனார். 'எதற்கு என்னை?' என்ற கேள்வி, வாசல் தாண்டும் வரை அவர் முகத்தில் தலைப்புச் செய்தியாக ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை வட்ட மேஜை. மிச்சமிருந்தவர்கள் ஐந்து பேர். முதலில் வாயைத் திறந்தவர் சமையல் மேடம்.

"நான் சுத்தி வளைக்காம பேசிடறேன். நடுவர் பாட்டைக் குறை சொன்னாரு, காலி. செய்தி வாசிக்கிற அந்தம்மா வெந்நீரைத் தீர்த்தாங்க, காலி. ரெண்டுமே யாருக்குக் கோபம் வர்ற விஷயம்?"

எல்லோரும் பாடகியைத் திரும்பிப் பார்த்தார்கள். வில்லன் நடிகர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "ஐயையோ, காலையில நான் அவங்க நாற்காலியில உக்காந்துட்டேன். அப்போ நாளைக்கு நான்தான்!"

பாடகி எழுந்து நின்றார். இனி பஞ்சரை வேலை வாங்குவதாவது ஒன்றாவது என்று தோன்றியிருக்க வேண்டும். நேராகப் பஞ்சரைச் சுட்டிக்காட்டினார்.

"நரி நான் இல்ல, இந்த ஆளு. இவர் சாப்பிடறதைப் பாருங்க. பொய்யை மறைக்கும்போதுதான் இப்படி மென்னு மென்னு சாப்பிடுவார். குடும்பம் நடத்தினவ சொல்றேன், நம்புங்க."

"மென்னு சாப்பிடறது உடம்புக்கு நல்லதுதானே மேடம்?" என்றார் கோல்கீப்பர்.

சமையல் மேடத்துக்குத்தான் கோபம் தலைக்கேறியது. "இந்த வீட்லயே என் சமையலை ரசிச்சு சாப்பிடற ஒரே மனுஷன் அவர்தான். அது பொறுக்கலையா உங்களுக்கு? பழைய வஞ்சத்தை இங்க வந்து தீர்த்துக்காதீங்க."

பாடகி வாயைத் திறந்தார். மோவாய் மட்டும் லேசாக நடுங்கியது. மேடையில் பாட்டின் நடுவே மைக் செத்துப்போனால் அது அப்படி நடுங்கும். எத்தனையோ கச்சேரிகளில் பஞ்சர் முதல் வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார். அவர் எதையும் யோசிக்கவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்துவிட்டார்.

"அவங்க சொல்றது நிஜம். நான்தான் நரி."

கேமரா அறையில் இயக்குநர் குதித்து எழுந்தார். நரி தானே ஒப்புக்கொண்டால் என்ன செய்வது என்று விதிகளில் எழுத அவருக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு வில்லன் நடிகர் ஓவென்று அழுதார். ஓடி வந்து பஞ்சரைக் கட்டிக்கொண்டார். "இவ்ளோ அவமானப்படுத்தினாங்க. அப்பவும் அந்தப் பழியைத் தான் ஏத்துக்கறாரே, இவர் மனுஷனா?"

"இல்லைங்க, நான் நிஜமாவே நரிதான். நடுவரை நான்தான் தின்னேன்!"

"போதும் சார், போதும்" என்று சமையல் மேடம் மூக்கை உறிஞ்சினார். "உங்க நல்ல மனசு எங்களுக்குப் புரியுது."

"யோவ், அதான் அந்த ஆளே சொல்றாருல்ல!" என்று பாடகி கத்தினார்.

ஓட்டுப் போட்டார்கள். பாடகி பஞ்சருக்கு எதிராகப் போட்டார். பஞ்சரும் பஞ்சருக்கு எதிராகவே போட்டுக்கொண்டார். மற்ற மூன்று பேரும் பாடகிக்கு எதிராகப் போட்டார்கள். பாடகி, வெளியேறும்போது காட்ட வேண்டிய தன் அடையாள அட்டையைத் திருப்பி மேஜையில் எறிந்தார். அதில் கொழுகொழுவென்று ஒரு கோழி.

மூன்று பேரும் விக்கித்துப் போனார்கள். ஆனாலும் பஞ்சர் மீது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நரியாக இருந்தால் 'நான் நரி' என்று சொல்லுமா? மறுநாள் கூடையில் கோல்கீப்பரின் படம் விழுந்தது. அதுதான் கடைசி நாள். மாலையில் மிச்சமிருந்தவர்கள் பஞ்சர், சமையல் மேடம், வில்லன் நடிகர். சமையல் மேடம் வில்லன் நடிகரின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். "மன்னிச்சிடுங்க. உங்க மூஞ்சி அப்படி" என்று சொல்லி ஓட்டுப் போட்டார். பஞ்சரும் போட்டார். வில்லன் நடிகர், "எல்லாப் படத்துலயும் கடைசியில நான்தானே சாகறேன்" என்று முனகிக்கொண்டே போனார்.

பஞ்சர் அட்டையைத் திருப்பினார். நரி. சமையல் மேடம் பக்கத்திலிருந்த குஷனை எடுத்து அவர் தலையிலேயே நான்கு அடி அடித்தார்.

நிறைவு விழாவில் அரங்கம் நிரம்பி வழிந்தது. வெளியேறிய எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தொகுப்பாளினி பரிசைக் கொடுத்துவிட்டு, எல்லோரும் கேட்க நினைத்ததைக் கேட்டார். "சார், அவங்க உங்களைப் போட்டு அந்தப் பாடு படுத்தினாங்க. யாரைச் சாப்பிடறதுங்கறது உங்க கையிலதான் இருந்தது. முதல் நாளே அவங்க படத்தைக் கூடையில போட்டிருந்தா கதை முடிஞ்சிருக்குமே. ஏன் போடல?"

பஞ்சர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். வாய் திறந்தது, மூடியது. நெற்றியைச் சுருக்கினார். அப்புறம் அவர் முகத்தில் பேயறைந்ததுபோல ஒரு திகைப்பு.

"அட ஆமா," என்றார். "தோணவே இல்லையே!"

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அவர் நடிக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாடகி ஒருவர்தான் சிரிக்கவில்லை.

விழா முடிந்து வெளியே வந்தபோது பஞ்சரை அழைத்துப் போக வேண்டிய கார் தவறுதலாக வில்லன் நடிகரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. பாடகி தன் காரின் முன்கதவைத் திறந்துவிட்டார். பஞ்சர் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் பாடகி, "நிஜமாவே தோணலையா?" என்று கேட்டார்.

"என் தலை மேல சத்தியமா தோணல. தோணியிருந்தா அந்த பெட்ஷீட் எல்லாம் நான் எதுக்கு விரிக்கறேன்?"

"கூறுகெட்ட ஆளு" என்றார் பாடகி. ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ரோட்டைப் பாருங்க. இங்க லெஃப்ட்."

"இல்ல, ரைட்டு. எனக்குத் தெரியும்."

ரைட்டில் திரும்பினார்கள். அந்தத் தெரு ஒரு தொழிற்சாலையின் மதில் சுவரில் போய் முட்டி நின்றது. பஞ்சர் இறங்கிப் போய்க் காரின் பின்னால் நின்றுகொண்டு இரண்டு கையையும் ஆட்டினார். "வாங்க, வாங்க, இன்னும் வாங்க, இடம் இருக்கு…"

டம் என்று ஒரு சத்தம். அவர் தனக்குப் பின்னால் மட்டும்தான் பார்த்திருந்தார், கம்பம் ஒன்று பக்கத்தில் இருந்திருக்கிறது.

இரண்டு பேரும் குனிந்து, நசுங்கிய பம்பரைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் பாடகி. அப்புறம் தெருவில் போன ஒருவர் நின்று பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தார்கள்.

அவர்கள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகப் பத்திரிகைகள் எழுதின. செய்துகொள்ளவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் பம்பரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த மெக்கானிக், பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தினசரியை இரண்டாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்த அந்த இருவரையும் பார்த்தார். விளையாட்டுப் பக்கம் யாருக்கு என்று சண்டை நடந்துகொண்டிருந்தது.