இரண்டாம் முழுக்கு

“அப்போ நாலு வருஷமா நான் கும்புட்டது யாரை ஐயா?”

“அவரைத்தாம்மா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.”

“அப்புறம் எதுக்கு மறுபடியும் ஞானஸ்நானம்?”

ஆபிரகாம் போதகர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எதிரே யோகேஸ்வரி. பக்கத்தில், நாற்காலி நுனியில், அவள் கட்டிக்கொள்ளப்போகும் இனியன். அணுபுரத்தில் வேலை, இதே சபையில் வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர்களுடைய கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிறு ஓலை வாசித்த பிறகுதான் கல்யாணம்.

“உங்கப்பா இயேசுவின் நாமத்துல மட்டும் கொடுத்திருக்கார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு சொல்லல. எங்க சபை அதை ஏத்துக்காது.”

“ஒருத்தர்தானே ஐயா? மூணு சொல்லாட்டி என்ன?”

“உலகமே இல்லாதப்போ கடவுள் அன்பா இருந்தாரா?”

“இருந்தாரு.”

“யார்மேல?”

அவள் இனியனைத் திரும்பிப் பார்த்தாள்.

“பிதா குமாரனை நேசிச்சார். அந்த நேசந்தான் ஆவியானவர்னு பெரியவங்க சொல்வாங்க. மூணு கடவுள் இல்லம்மா. தனியா இல்லாத ஒரே கடவுள். இதுக்கு மேல எனக்கும் புரியல.”

“அவசரத்துக்கு நான் கொடுத்தா செல்லுமா ஐயா?” என்றான் இனியன்.

“இப்பவே என் தலையை அமுக்கப் பாக்குறியா நீ?” என்றாள் யோகேஸ்வரி.

போதகர் சிரித்துவிட்டார். “ஊழியம் செய்யுறவர் யார் கொடுத்தாலும் சரி. எந்தச் சபையா இருந்தாலும் சரி. தண்ணியும் அந்த மூணு நாமமும் இருந்தா போதும். எழுதிக் கொடுத்தா நான் ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பேன்.”

பேருந்தில் ‘யார் கொடுத்தாலும் சரி’ என்ற வார்த்தை அவளோடு கூடவே வந்தது. ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கி, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. குப்பத்து நிறுத்தத்தில் இறங்கினாள்.

அப்பா தனக்கோடி மணலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழித்துக்கொண்டிருந்தார். பின்னால் தகரக் கொட்டகை. ஞாயிறானால் அங்கே பதினோரு பேர் ஜெபிக்க வருவார்கள். எல்லோருக்கும் இந்தக் கடலில் அவர்தான் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்.

அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

“எங்க வூட்ல எத்தினி சாமி இருந்துச்சு தெரியுமா?” என்றார் அவர். “எல்லாத்தையும் வுட்டுட்டு ஒண்ணே ஒண்ணுன்னு வந்தேன். ஆறு மாசம் எவனும் என்னப் படகுல ஏத்தல. உங்கம்மா பொறந்த வூட்டுக்குப் போனவதான், திரும்பல. இப்ப மூணுன்னு சொல்லச் சொல்றியா?”

“மூணு சாமி இல்ல நைனா.”

“ரெண்டாவது தபா முங்கினா மொத தபா சும்மா குளிச்சதுன்னு ஆயிடும். அந்தப் பதினோரு பேருக்கு நான் இன்னா பதில் சொல்றது? எங்களுதும் குளியல்தானான்னு கேக்க மாட்டாங்க?”

கேட்பார்கள். அவளுக்கும் தெரியும். அவர்களில் இருவர் சற்றுத் தள்ளி ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்திருந்தார்கள். முங்கினால் அப்பா பொய்யாகிவிடுவார். முங்காவிட்டால் இனியன் இல்லை. இனியனிடம் ஓடிப்போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம் இந்தக் கொட்டகையில் சாயங்காலம் யார் விளக்குப் போடுவார்கள்?

“ஒத்தையா இருந்தவரு யார நைனா நேசிச்சாரு?”

“யாரு?”

“கடவுள். உலகமெல்லாம் வர்றதுக்கு முன்னாடி.”

அவர் கை நின்றது. “அவருக்கு எவனும் தேவையில்ல.”

“உனுக்கு?”

அவர் நண்டின் காலில் சுற்றிய நூலை இழுத்தார். அது இன்னும் இறுகியது. பல்லால் கடித்து அறுத்தார். மகளை நிமிர்ந்து பார்க்காமலேயே, “அவன் நல்ல பையன்தான்,” என்றார்.

யோகேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து கடலில் இறங்கினாள். நாலு வருஷத்துக்கு முன் அவர் அவளை முக்கி எடுத்த அதே இடம். அலை முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு. ஐஸ் பெட்டியருகே இருந்தவர்கள் கழுவுவதை நிறுத்திவிட்டார்கள். அவள் கரையைத் திரும்பிப் பார்த்தாள்.

“நைனா, போதகர் வேணாம். நீயே வந்து முக்கு. அந்த மூணையும் நீயே சொல்லு.”