இருபத்தெட்டு அடி

இறுதி ஓட்டத்துக்கு ஒரு மணி பத்து நிமிடம் இருக்கும்போது, பயிற்சித் திடலில், மூன்றாவது சோதனை ஓட்டத்தில், வளைவின் வலது பின்தொடைக்குள் ஏதோ சுருக்கென்று இழுத்தது.

வளைவு என்பது அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. நாலு பேர் ஓடும் தொடரோட்டத்தில் பத்து வருடமாக மூன்றாவது ஆளாக, மைதானத்தின் இரண்டாவது வளைவை மட்டுமே ஓடிக்கொண்டிருப்பவனுக்கு அணியில் விழுந்த பெயர். நேராக ஓடச் சொன்னாலும் இவன் பழக்கதோஷத்தில் இடது பக்கம் திரும்பிவிடுவான் என்பது அங்கே பழைய கேலி.

நின்றான். குனிந்து காலணியின் லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான். லேஸ் நன்றாகத்தான் இருந்தது. முகத்தைத்தான் கொஞ்ச நேரம் மறைக்க வேண்டியிருந்தது. கட்டை விரலால் தொடையை அழுத்திப் பார்த்தான். வலி இல்லை. நாலு எட்டு நடந்தான். வலி இல்லை. எட்டி வீசி ஓடியபோது மட்டும் உள்ளே ஒரு கயிறு முறுக்கிக்கொண்டு, இதற்கு மேல் விடமாட்டேன் என்றது. முப்பத்து மூன்று வருடம் கூடவே இருந்த உடம்பு; அது சொல்வது அவனுக்குப் புரியும். ஓடலாம். முழு வேகத்தில் ஓட முடியாது.

"என்ன வளைவண்ணே, லேஸ் கட்டக்கூட ஆள் வேணுமா?" என்று புல்லில் படுத்தபடியே கேட்டான் ஸ்டெப்னி. ஐந்தாவது ஆள். யாருக்காவது ஏதாவது ஆனால் ஓட வேண்டியவன். ஒரு வாரமாகத் தினமும் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, ஓடாமலேயே அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான்.

"உன்கிட்ட விட்டா லேஸோட சேத்துக் காலையும் கழட்டிட்டுப் போயிருவ."

"ஒரே ஒரு கால் குடுண்ணே, போதும். உக்காந்து உக்காந்து எனக்குத் துரு ஏறிருச்சு."

வளைவு சிரித்தான். சிரிப்பு சரியாக வந்ததா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தொடரோட்டத்தில் கைக்குக் கை மாறும் குறுந்தடியான பேட்டனை வாங்குகிறவன் தனக்குப் பின்னால் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்திருப்பான். ஓடி வருகிறவனின் கால் அந்த டேப்பில் பட்டதும், முன்னால் திரும்பி, பின்னால் பார்க்காமல் ஒரே ஓட்டம். "கை!" என்று குரல் கேட்டதும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். முப்பது மீட்டர் கட்டத்துக்குள் பேட்டன் கை மாறிவிட வேண்டும். கட்டத்தின் கடைசிக் கோட்டைத் தாண்டி மாறினால் நாலு பேரும் ஓடியது வீண். டேப்பை எங்கே ஒட்டுவது என்பதைக் குதிகாலோடு விரல்நுனி சேர்த்து வைத்து அடி அடியாக எண்ணித்தான் முடிவு செய்வார்கள். வருகிறவன் நல்ல வேகத்தில் வந்தால் அடி கூடும். அவன் வேகம் குறைந்தால் அடியையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் கிளம்பியவனை எட்டிப் பிடிக்க முடியாது.

வருகிறவனின் உடம்பு எப்படி இருக்கிறது என்பது வருகிறவனுக்குத்தான் தெரியும். அதனால் அடியைச் சொல்ல வேண்டியது அவன். கேள்வி கேட்காமல் எண்ணி ஒட்ட வேண்டியது வாங்குகிறவன். கோச்கூட இடையில் வாய் திறப்பதில்லை. வளைவுக்கும் நாலாவது ஆளுக்கும் இரண்டு வருடமாக இருபத்தெட்டு அடி. உடம்பு கனமாக இருந்த நாட்களில் இருபத்தேழு. ஒரு முறை காய்ச்சலோடு ஓடியபோது இருபத்தாறு.

இன்றைக்கு இருபத்தாறு. லேஸின் இரண்டாவது முடிச்சைப் போடுவதற்குள் அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தாறு என்று வாயைத் திறந்தால், பத்தடி தள்ளி ஸ்டாப்வாட்சோடு நிற்கும் கோச் திரும்பிப் பார்ப்பார். ஏன் என்பார். ஸ்டெப்னி புல்லிலிருந்து எழுந்து நிற்பான். மூன்று முறை இந்தப் போட்டிக்கு வந்து மூன்று முறையும் முதல் சுற்றோடு பெட்டி கட்டியவன், நாலாவது தடவை கிடைத்த இறுதி ஓட்டத்தைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஐந்தாவது தடவை என்று ஒன்று கிடையாது.

நாலாவது ஆள் தோளைச் சுழற்றிக்கொண்டே வந்தான். வளைவின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. இருபத்து மூன்று வயது. தூக்கத்தில்கூட வாய் மூடாதவன் என்பதால் சில்வண்டு.

"மச்சான், எத்தனை?"

"இருபத்தெட்டு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஃபைனல்ல நான் பறப்பேன். வயசான மனுசனைப் பாதி வழியில விட்டுட்டு ஓடிட்டான்னு அப்புறம் அக்காகிட்டப் போட்டுக் குடுக்கக் கூடாது."

"உங்கக்காவையே ஓடிப் புடிச்சவன்டா நான். நீ எம்மாத்திரம்?"

"அவ பாவம்னு நின்னுருப்பா."

கோச்சும் சிரித்துவிட்டார். வளைவின் மனைவி நாலு வருடம் பெண்கள் அணியில் ஓடியவள். இப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அவள் யாருக்காகவும் நிற்கிறவள் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சிரிப்பு அடங்கியது. எண் அப்படியே நின்றது.

ஓட்டக்காரர்களை உட்கார வைக்கும் அறையில் கோச்சுக்கு அனுமதி இல்லை. கைப்பேசிகளை முன்பே வாங்கி வைத்துவிட்டார்கள். நீளமான இரண்டு பெஞ்சுகள், ஒரு சுவர்க்கடிகாரம், காலணியின் ஆணிகளைத் தடவிப் பார்க்கும் ஒரு பெண் அதிகாரி. இருபத்து இரண்டு நிமிடம் அங்கே இருந்தார்கள். ஓடுகிற நாலு பேரின் பட்டியல் அதிகாரிகளின் மேசைக்குப் போய்விட்டது. இனி ஸ்டெப்னி வர முடியாது. இருபத்தாறு என்று மச்சினனின் காதில் மெல்லச் சொன்னால் போதும். தடுக்க யாரும் இல்லை.

அதுதான் கஷ்டமாக இருந்தது. கோச் பக்கத்தில் இருந்தவரை, சொல்ல முடியவில்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடிந்தது. இப்போது சொன்னால், திடலில் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பையன் தன்னை எப்படிப் பார்ப்பான் என்று வளைவு நினைத்துப் பார்த்தான். அவன் மனசு கலங்கிப்போய் ஓடினால் அது இன்னும் ஆபத்தில்லையா என்றும் ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தான். கூட்டத்தின் சத்தத்தில் தொடை தானாக விட்டுக்கொடுத்துவிடும், எத்தனையோ பேருக்கு அப்படி நடந்திருக்கிறது என்று இன்னொன்று. கடிகாரத்தைப் பார்த்தான். நாலு நிமிடம்தான் போயிருந்தது.

"மாப்ள" என்றான்.

"என்ன மச்சான், உதறுதா? எனக்கும்தான். அக்கா லீவு போட்டுட்டு டிவி முன்னாடி உக்காந்துட்டாளாம். நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துத் திட்ட ஆரம்பிச்சிருப்பா."

"ஒண்ணுமில்ல. நல்லா ஓடு."

"நீங்க கொண்டாந்து குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

மைதானத்துக்குள் வந்ததும் நாலு பேரையும் நாலு திசைக்குக் கூட்டிப் போனார்கள். ஆறாவது பாதை. தன் இடத்திலிருந்து, புல்வெளியின் குறுக்கே, பாதை வளைந்து முடிகிற இடத்தில் மச்சினன் குனிந்து அடி எண்ணுவது வளைவுக்குத் தெரிந்தது. ஒவ்வோர் அடியையும் அளந்து, சரிந்த இடத்தில் திருத்தி, பரீட்சை எழுதுகிறவனைப் போல வைத்தான். டேப்பை ஒட்டிவிட்டு, அது உரிந்துவிடாதபடி உள்ளங்கையால் மூன்று முறை அழுத்தினான். பிறகு நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தான்.

வளைவு கையை உயர்த்தினான். கத்தினால் கேட்காது, ஆனால் இரண்டு அடி குறை என்று சைகையில் சொல்ல வழி இருந்தது. பயிற்சியில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். கை மேலேயே நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து மச்சினன் உற்சாகமாகக் கையசைத்தான். வளைவும் அசைத்தான்.

துப்பாக்கி வெடித்தது.

முதல் ஆள் நன்றாகக் கிளம்பினான். இரண்டாவது ஆள் எதிர்ப்பக்க நேர்க்கோட்டில் இரண்டு பேரைத் தாண்டி வந்தான். வளைவின் கையில் பேட்டன் விழுந்தபோது அவர்கள் மூன்றாவதாக இருந்தார்கள். அவன் வாழ்க்கையில் ஒருபோதும் இவ்வளவு முன்னால் இருந்ததில்லை. முதல் பத்து எட்டு, தொடை வாயைத் திறக்கவில்லை. பார், விட்டுக்கொடுத்துவிட்டது என்று நினைத்தான். அந்த நினைப்பு முடிவதற்குள் கயிறு முறுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை வீசினான். கை ஓடியது, கால் கூட வரவில்லை. பாதையின் வளைவில் பாதியைத் தாண்டியபோது கயிறு அறுந்தது. அறுந்த காலோடு மீதி வளைவையும் ஓடினான்.

மச்சினன் திரும்பிக் கிளம்புவதைப் பார்த்தான். எவ்வளவு அழகாகக் கிளம்பினான்! தலை குனிந்து, முதுகு நீண்டு, நம்பிக்கையின் மறு உருவம் போல. இடைவெளி குறையவில்லை. "கை!" என்று கத்தினான். கை பின்னால் வந்தது. அந்த உள்ளங்கைக்கும் பேட்டனுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. இன்னொரு முறை கத்தினான். நீட்டிய கை காத்திருந்தது. ஓட்டம் தளர்ந்தது. பேட்டன் உள்ளங்கையில் பட்டபோது கடைசிக் கோடு அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

வளைவு பாதையிலேயே விழுந்தான். விழுந்த இடத்திலிருந்து, கட்டத்தின் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடுவர் எழுந்து, தவறு நடந்ததைக் காட்டும் மஞ்சள் கொடியை உயர்த்துவதைப் பார்த்தான். அவருக்கு அப்பால் அரங்கமே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. தளர்ந்து நின்ற இடத்திலிருந்து சில்வண்டு மறுபடி வேகமெடுத்து, ஒருவனை, இன்னொருவனை, கடைசி எட்டில் மூன்றாவதாக ஒருவனையும் தாண்டினான்.

மூன்றாம் இடம். அவன் திரும்பி ஓடி வந்தான். "மூணாவது மச்சான்! மூணாவது!" என்று கத்திக்கொண்டே கீழே கிடந்தவனைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். அவன் முதுகுக்குப் பின்னால் மஞ்சள் கொடியைச் சுற்றி மூன்று அதிகாரிகள் கூடிவிட்டதை வளைவு பார்த்தான். முதல் ஆளும் இரண்டாவது ஆளும் ஓடிவந்து மேலே விழுந்தார்கள். யாரோ அணியின் கொடியைப் போர்த்திவிட்டார்கள். நாலு நிமிடம் அவர்கள் குதித்தார்கள். மஞ்சள் கொடியை அவன் யாருக்கும் காட்டவில்லை. பிறகு பெரிய பலகையில் மூன்றாம் வரியிலிருந்து அவர்கள் அணியின் பெயர் அழிந்து, எல்லாப் பெயருக்கும் கீழே, நேரம் எதுவும் இல்லாமல் போய் உட்கார்ந்தது.

மருத்துவ அறையில் பிசியோ தொடையில் ஐஸைக் கட்டினார். "நல்லாவே கிழிஞ்சிருக்கு" என்றார்.

"ஓடுறதுக்கு முன்னாடியே புடிச்சிருந்துச்சு சார்."

அவர் படிவத்தைப் பார்த்தார். ஓட்டத்தின்போது என்று ஏற்கெனவே எழுதியிருந்தார். பேனாவை எடுக்கவில்லை.

கோச் உள்ளே வந்தார். பத்து நிமிடமாக வாசலில் சில்வண்டைத் திட்டிய தொண்டை கம்மியிருந்தது. "அடுத்த வருசம் கடைசி ஆளை மாத்துறேன். ரெண்டு வருசமாப் பழகியும் அவசரம் போகல அவனுக்கு."

"தப்பு என் மேல சார். தொடை புடிச்சதை மறைச்சேன். இருபத்தாறுன்னு சொல்ல வேண்டியது, இருபத்தெட்டுன்னு சொல்லிட்டேன்."

கோச் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு தோளில் தட்டினார். "நீ நல்லவன்டா. மச்சினனைக் காப்பாத்தப் பாக்குற. நீ நொண்டினா எனக்குத் தெரியாதா? மூணு ஓட்டத்தையும் இந்தக் கண்ணால பாத்தேன்."

"சார், சத்தியமா..."

"போதும். இதை நாளைக்குப் பத்திரிகைக்காரன்கிட்டச் சொல்லி வைக்காத. அவன் தப்பை அவன் சுமக்கட்டும்."

அவர் வெளியே போன கதவு வழியாகவே சில்வண்டு உள்ளே வந்தான். கேட்டிருந்தான். கண் வீங்கியிருந்தது. "எதுக்கு மச்சான் எனக்காகப் பொய் சொல்றீங்க? வீடியோ பாத்தேன். உங்க கால் டேப்ல படுறதுக்கு ஒரு அடி முன்னாடியே கெளம்பிட்டேன். அவசரம்தான். மைக் நீட்டினவங்ககிட்டயும் ஒத்துக்கிட்டேன்."

"நான் சரியாச் சொல்லியிருந்தா நீ ஒரு அடி முன்னாடி கெளம்பினதும் தாங்கியிருக்கும்டா. நான் தெரிஞ்சே..."

"விடுங்க." அவன் கைப்பேசியில் எண்ணை அழுத்தி நீட்டினான். "அக்கா. நாலு தடவை கூப்பிட்டா."

வளைவு வாங்கிக்கொண்டான். மறுமுனையில் தொலைக்காட்சி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"தொடை எப்பப் புடிச்சுது?" என்றாள் அவள், எடுத்த எடுப்பில்.

அவன் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினான்.

"பத்தாவது எட்டுலயே உங்க தோள் சாஞ்சிருச்சு. புதுசாப் புடிச்ச காலா இருந்தா அப்படிச் சாயாது, ஏற்கெனவே பயந்துக்கிட்டு ஓடினாத்தான் சாயும். எப்பப் புடிச்சுது?"

"வார்ம் அப்ல."

"அவன் எத்தனைன்னு கேட்டானா?"

"கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"இருபத்தெட்டு."

தொலைக்காட்சியின் சத்தம் நின்றது. அவள் அணைத்திருக்க வேண்டும். "தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். "போனை அவன்கிட்டக் குடுங்க" என்றாள்.

கொடுத்தான். சில்வண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினான். "இல்லக்கா. அவர் சும்மா சொல்றாருக்கா. எனக்காகத்தான். நீயும் நம்பாத. நான்தான் முன்னாடி கெளம்பிட்டேன்... அக்கா, அவரை ஒண்ணும் சொல்லாத, கால் வேற கிழிஞ்சு கிடக்கு... இல்லக்கா... சரி. சரி."

அவன் திரும்பியபோது வளைவின் கை கைப்பேசிக்காக நீண்டே இருந்தது.

"வச்சுட்டா மச்சான்."

"என்கிட்டப் பேசணும்னு சொல்லலையா?"

"சொல்லல."

பேருந்து வெளியே நின்றது. ஐம்பது மீட்டர் இருக்கும். சக்கர நாற்காலி கொண்டுவரப் போன பிசியோ இன்னும் வரவில்லை. சில்வண்டு அவன் கையை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை கொடுத்துத் தூக்கினான். வேண்டாம் என்று வளைவு சொன்னான். சொன்னானே தவிர, காலை ஊன்ற முடியவில்லை. முழுப் பாரத்தையும் அவன்மேல்தான் போட வேண்டியிருந்தது.

இருவரும் நடந்தார்கள். வழியில் நின்றிருந்த வேறொரு அணிக்காரர்கள், தோற்ற பின்னும் ஒருவனை ஒருவன் விட்டுக்கொடுக்காதவர்களைப் பார்க்கும் மரியாதையோடு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"படி இருக்கு மச்சான்" என்றான் சில்வண்டு. "மெதுவா வாங்க. அவசரமே இல்ல."