கிரேன்காரன் சுட்ட கறி பன்

தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடிக்காத மனிதன் வெங்காயம் நறுக்கினால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? அதுவும் குனிந்து பார்க்காமலே நறுக்கினால்?

ரூபன் சவுதியிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அங்கே கொரியாக்காரர்களின் கட்டடக் கம்பெனியில் ஐந்து வருஷம் கிரேன் ஓட்டினான். அப்படித்தான் கடிதத்தில் எழுதியிருந்தான். கிரேன் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவும் அனுப்பியிருந்தான். திருச்சுழிக்குப் பக்கத்திலுள்ள அவர்களுடைய ஊரின் சின்ன வேதக் கோயிலில் உபதேசியார் சின்னத்துரை ஞாயிறு தவறாமல், "உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டும் எங்கள் சகோதரனைக் காத்தருளும்" என்று ஜெபிப்பார். அப்போது மட்டும் அவன் மனைவி ஜெப ஷீலா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாள். நல்லபடியாகத் திரும்பியதற்கு நாளைக்கு அதே கோயிலில் ரூபன் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். இன்றைக்கு மத்தியானம் உபதேசியாருக்கு இவர்கள் வீட்டில் சாப்பாடு.

"நானே செய்றேன். கொரியாக்காரங்க மாதிரிக் கறி, நம்ம பன்னுல வச்சு. நீ சும்மா இரு" என்றுவிட்டு, காலையிலேயே அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய் வெள்ளாட்டுக் கறியும் உள்ளங்கை அகலப் பன்னும் வாங்கி வந்தான்.

அவளும் சும்மாதான் இருந்தாள், கண்ணை மட்டும் எடுக்காமல். கறியை அவன் மாவுபோலக் கொத்தினான். பூண்டு, இஞ்சி, கருப்பட்டித் தூள், நல்லெண்ணெய், வறுத்த எள் என்று ஒவ்வொன்றாகப் போட்டான். பெட்டியிலிருந்து கொண்டுவந்த குப்பியைச் சாய்த்துக் கறுப்பாக எதையோ ஊற்றினான். அவன் திரும்பிய நேரத்தில் அவள் அதை மோந்து பார்த்தாள். சாராயம் இல்லை, ஏதோ உப்புச் சாறு. கறியைச் சின்னச் சின்ன வட்டமாகத் தட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினான்.

"குழி என்னத்துக்கு?"

"வேகும்போது நடுவுல உப்பாது."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"அங்க பாத்ததுதான்" என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

'நேரத்துக்குச் சாப்பிடுறீகளா, யாரு சமைச்சுப் போடுறாக' என்று கடிதம் தவறாமல் கேட்டிருக்கிறாள். ஊரில் மழை உண்டா என்று எழுதுவான், வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதுவான், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வராது. மறதி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். எவளோ ஒருத்தி ஆக்கிப் போட்டிருக்கிறாள், பக்கத்தில் நின்று குழி போடவும் பழக்கியிருக்கிறாள். கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

தோசைக்கல்லில் கறி பொரியத் தொடங்கியதும் தட்டு எடுப்பதுபோல உள்ளே போய் அவன் பெட்டியைத் திறந்தாள். சட்டைகளுக்கு அடியில், கழுத்தில் மாட்டி முதுகில் முடிச்சுப் போடுகிற சமையல் ஏப்ரன் ஒன்று மடித்துக் கிடந்தது. பூப்போட்டது. நினைத்தது சரியாய்ப் போயிற்று என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏப்ரனைப் புரட்டிப் பார்த்தாள். அதில் தைத்திருந்த பையின் உட்புறத்தில் கறுப்பு மையால் 4127 என்று எழுதியிருந்தது. அந்த எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஐந்து வருஷமாக ஒவ்வொரு உறையிலும் ரூபன் பெயருக்குக் கீழே அவள் எழுதிய கம்பெனி நம்பர் அது. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. கிரேன் சூடு பட்டது என்று அவன் காட்டிய முழங்கைத் தழும்புகள் ஞாபகம் வந்தன. பெண்ணும் கிடையாது, கிரேனும் கிடையாது. சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்ற அளவுக்குக் கோபமும் வந்தது.

உபதேசியார் வந்து, ஜெபித்து, பன்னைக் கடித்தார். கண்ணை மூடி மென்றவர் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்.

"தம்பி, அம்புட்டு உசரத்துல இருந்து கீழ பாத்தா தலை சுத்தாதா? நாளைக்குச் சாட்சியில அதச் சொல்லுங்க."

ரூபன் தலை குனிந்தது. அவள் வாயைத் திறக்காவிட்டால் நாளைக்குச் சபை முன்னால் பொய்ச் சாட்சி சொல்வான். அவளுடைய பெருமைக்காகவே சொல்வான்.

"அவுக கிரேன் ஓட்டலய்யா. அங்க கம்பெனி ஆளுகளுக்குச் சமைச்சுப் போட்டாக" என்றபடி மூன்றாவது பன்னை உபதேசியார் தட்டில் வைத்தாள் ஜெப ஷீலா.

உபதேசியார் பன்னையும் ரூபனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான் பண்ணுன ஜெபமெல்லாம் எவனோ ஒரு கிரேன்காரனுக்குல்ல போயிருக்கு" என்றவர், அதையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தார்.

அவர் போனபின் ரூபன் கல்லைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்: "சோறாக்கப் போனவன் பொண்டாட்டின்னு ஒன்னய யாரும் சொல்லிறக் கூடாதுன்னுதான்."

"அது கெடக்கட்டும். கடுதாசியில நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. நேரத்துக்குச் சாப்பிட்டீகளா?"

சுரண்டுவது நின்றது. "எல்லாரும் தின்ன பெறகு, மிச்சம் இருந்தா."

தட்டில் இரண்டு பன் மிச்சம் இருந்தது. இரண்டையும் அவன் முன்னால் வைத்து, கடைசி வாய் உள்ளே போகிறவரை, இன்னும் நம்பாதவள்போல எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.