ராமலட்சுமி கொண்டுபோன மானிட்டர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பள்ளிவாசல் மலைப்பாதை வளைவுகளில் ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் டூரிஸ்ட் கார்க்காரர்கள் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள். ஆனால் அன்றைக்கு ஊர் நூலகத்தில் எனக்கு வந்த கோபம் முழுக்க என் மனைவி ராமலட்சுமியின் மேல்தான்.

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை குறைவு. எதிரே ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்து, லென்ஸ் வைத்துப் படிப்பாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பஸ் போர்டு, மாத்திரை அட்டை, ரேஷன் கடை அறிவிப்பு எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்வேன். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, மறைப்பானேன்.

எங்கள் ஊர் நூலகத்தை மலையாளத்திலேயே வாயனசாலை என்று சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே மூவாயிரத்துச் சொச்சம் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஓர் ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தது இரண்டே பேர்: ராமலட்சுமியும், தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிஷனிலிருந்து ஜிஸ்மி என்ற பெண்ணும். இரண்டு மணி நேரத்தில் இருபது புத்தகங்களின் விவரத்தைப் பிழையில்லாமல் ஏற்ற வேண்டும். பிழை இருந்தால் அந்தப் புத்தகம் கணக்கில் வராது. இதுதான் பரீட்சை.

வாயனசாலைச் செயலாளர் மோகனசுந்தரம், தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கறார் பேர்வழி, ஆனால் நல்ல மனசு. "ஒங்க வீட்டுக்காரரு பக்கத்துல ஒக்காந்து ஸ்கிரீனப் படிச்சுச் சொல்லட்டும். கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று அவராகவே சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நேரத்தில்தான் இவள் வாயைத் திறந்தாள்.

"வேண்டாம் சார். அவுக படிச்சுச் சொல்லி நான் தட்டுனா, நாளைக்கு அந்த வேலை அவுகளுக்கா எனக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷம் கண்ணாக இருந்தவனை நாலு பேர் முன்னால் இப்படியா தூக்கி எறிவது? அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தாலும் தெரிந்திருக்காது. தன் சொந்த மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டாள். வாயனசாலையில் இருப்பது சின்னத் திரை. எழுத்தைப் பெரிதாக்கினால் நாலு எழுத்துதான் அதில் அடங்கும். ஒரு வரியைப் படிக்கப் பத்துத் தடவை நகர்த்த வேண்டும்.

மோகனசுந்தரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை: வாயனசாலைக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே எதையும் மாற்றி வைக்கக் கூடாது. செய்வதைப் பரீட்சை நேரத்துக்குள்ளேயே செய்துகொள்ள வேண்டும். இருவருக்கும் ஒரே நியாயம் என்றார்.

திரும்பும் வழி முழுக்க ஹாரனை அடித்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தியதும், "கோவமா இருக்கீகளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப பெரிய மானிட்டரு ஒண்ணு பாத்துக் குடுங்க" என்றாள். கோபக்காரனிடம் வேலை வாங்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

ரெண்டாம் மைலில் ஒரு ரிசார்ட்டை மூடிக்கொண்டிருந்தார்கள். அதன் வாட்ச்மேன் ஜோஜோ என் சிநேகிதன். ரிசப்ஷன் சுவரில் தொங்கிய ஒரு மானிட்டரை, எடுத்துக்கொண்டு போ என்றான். கதவின் நிலை அகலத்துக்கு நீண்டு, உயரம் குறைந்து, பார்க்கவே ஒரு தினுசாக இருந்தது. பெயரும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. அகலம்தான் நமக்கு வேண்டும், ஒரு முழு வரி பெரிய எழுத்தில் அடங்கும் என்று ராமலட்சுமி துள்ளினாள்.

எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரிலும் வாயனசாலையில் உள்ளதிலும் ஒரே லினக்ஸ்தான். கேரளாவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அதில்தான் படிக்கிறார்கள். மானிட்டரை மாட்டினோம். திரை இருட்டாக இருந்தது. ஒரு சின்னக் கட்டம் மட்டும், இந்த அளவு தனக்கு ஆகாது என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு அங்குமிங்கும் மிதந்தது.

அடிமாலியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஷைஜுவிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவன் ஒரு நிமிஷம் மாட்டிப் பார்த்தான். லினக்ஸில் இதற்கு சப்போர்ட் கிடையாது, விண்டோஸ் போட்டாலும் சந்தேகம்தான், ஆக்கரில் போட்டுவிடு சேட்டா என்றான். ஆக்கர் என்றால் பழைய இரும்புக் கடை. நானும் வீட்டுக்கு வந்து அதையே சொன்னேன். ராமலட்சுமி அடுப்பில் இருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டு, ஷைஜு எவ்வளவு நேரம் பார்த்தான் என்று கேட்டாள். ஒரு நிமிஷம் என்றேன். "நமக்கு எட்டு நாளு இருக்குல்ல" என்றாள்.

அந்த எட்டு நாளில் எனக்கும் கொஞ்சம் புரிந்தது. மானிட்டரை மாட்டியதும், என் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று அது தன்னைப் பற்றிக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். நம்முடையது வாயே திறக்கவில்லை. கம்ப்யூட்டரோ ஊர்ப் பொதுவான ஓர் அளவில் படத்தை அனுப்புகிறது, அது இதற்கு ஆகவில்லை. இவள் ஃபோனைக் காதில் வைத்து, அது படித்துக் காட்டக் காட்ட, யார் யாரோ எழுதி வைத்ததையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். மானிட்டர் சொல்லாவிட்டால் நாமே கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடலாம், அதற்கு மூன்று வரிக் கட்டளை போதும் என்று கண்டுபிடித்தாள். ஆனால் சரியான அளவு தெரிய வேண்டும்.

இங்கேதான் நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மானிட்டரைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டுப் பதினாலு ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே தகட்டின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில் இருந்த எண்ணை நான் படிக்க, அவள் ஃபோனில் தேடி, அகலம் 2560, உயரம் 1080 என்றாள். அந்த அளவுக்கு வேண்டிய எண்களைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் கொடுத்தது. கூடவே மாட்டியிருந்த எங்கள் பழைய சின்ன மானிட்டரில் மூக்கை ஒட்டி வைத்து மூன்று வரியையும் தட்டினாள். பெரியது இருட்டாகவே இருந்தது.

நான் ஸ்க்ரூ டிரைவரை வீசிவிட்டு வெளியே போய்விட்டேன். அரை மணி கழித்துத் திரும்பி வந்தால் அவள் அதே இடத்தில் இருந்தாள். படத்தை அனுப்பும்போது அதன் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே கம்ப்யூட்டர் விடும் இடைவெளி இந்த மானிட்டருக்கு அதிகமாம். அதைக் குறைத்துக் கணக்கிட இன்னொரு வழி இருக்கிறதாம். தட்டினாள். திரை முழுக்கப் பளீரென்று வெளிச்சம் வந்தது. ராமலட்சுமி இரண்டடி பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். அவள் ஒரு திரையைத் தள்ளி உட்கார்ந்து பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கோபமெல்லாம் எங்கே போனதோ. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டுக்கும் போய்ச் சொன்னேன். ஷைஜுவுக்கு ஃபோன் போட்டும் சொன்னேன். அவன் நம்பவில்லை, வீடியோ எடுத்து அனுப்பினேன்.

வாயனசாலையில் முன்கூட்டியே எதையும் சேமித்து வைக்க முடியாது என்பதால் மூன்று வரியையும் அவள் மனப்பாடம் செய்தாள். நடுவரியில் மட்டும் ஒன்பது எண்கள். காய் நறுக்கும்போதும் துணி அலசும்போதும் அந்த எண்களையே முணுமுணுத்தாள்.

பரீட்சை வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு. ஜிஸ்மி ஒரு கம்ப்யூட்டரில், இவள் ஒன்றில். தொடங்கியதும் சின்னத் திரையில் மூன்று வரியைத் தட்டிப் பெரியதை எரிய வைத்தாள். மேசையில் இடம் போதாமல் சின்னதைக் கழற்றி நான் அலமாரி மேல் வைத்தேன். பிறகு சுவரோரம், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்கள் அந்த அகலத் திரையை வாய் பிளந்து பார்த்தார்கள். என் பெண்டாட்டி என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனாலும்.

மூன்றரைக்குள் பதினைந்து புத்தகம் ஏற்றிவிட்டாள். வெளியே கோடை மழைக்கு இருட்டியது.

எங்கள் மலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சித்திரையில் இங்கே விழும் இடி டிவி, ஃபிரிட்ஜ் எதையும் விட்டு வைக்காது. அதனால் முதல் இடி கேட்டதுமே லயத்தில் எல்லோரும் எழுந்து ஓடி ப்ளக்கைப் பிடுங்குவோம். சோறு தின்றுகொண்டிருந்தாலும் சரி, சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் சரி. அது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, கை தானாகப் போகும்.

இடி விழுந்தது. என் கை தானாகப் போனது.

ராமலட்சுமியின் கம்ப்யூட்டர் ப்ளக் என் கையில் இருந்தது. பெரிய திரை செத்திருந்தது. எதிரே பார்த்தால் மோகனசுந்தரமும் தன் ஃபோன் சார்ஜரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஜிஸ்மியின் ப்ளக்குக்கு யாரும் பக்கத்தில் இல்லை, அவள் பிழைத்தாள்.

யு.பி.எஸ். பேட்டரி செத்து வருஷமாகிறது. ஏற்றிய புத்தகங்கள் சேமிப்பில் பத்திரம், ஆனால் கம்ப்யூட்டர் முதலிலிருந்து கிளம்ப வேண்டும், கிளம்பினாலும் மானிட்டர் மறுபடி ஊமை. கூடுதல் நேரம் கொடுங்கள் என்று மோகனசுந்தரத்தின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கரண்ட் போயிருந்தால் கொடுத்திருப்பேன், நீங்கள் பிடுங்கியதற்கு நான் எப்படிக் கொடுப்பது என்றார். அவர் முகமும் நன்றாக இல்லை.

ராமலட்சுமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ப்ளக்கப் போடுங்க. போட்டுட்டு அந்தக் கைய மடியில வச்சுக்கங்க."

போட்டேன். அலமாரி மேலிருந்த சின்ன மானிட்டரை எடுக்க ஓடினேன். அதை மாட்டிக் கழற்றும் நேரத்தில் ஒரு புத்தகம் முடித்துவிடலாம், வேண்டாம் என்றாள். கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஓடும் அதிர்வு அடங்கினால் கிளம்பி முடிந்தது என்று அர்த்தம். அடங்கியதும் இருட்டுத் திரைக்கு முன்னால் தட்ட ஆரம்பித்தாள். முதல் வரி. இரண்டாம் வரி, ஒன்பது எண்களும். மூன்றாம் வரி.

ஒன்றும் நடக்கவில்லை.

ஜிஸ்மிகூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பத்தாறு. என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ராமலட்சுமி விரல்களைக் கீபோர்டின் மேல் அப்படியே வைத்து யோசித்தாள். பிறகு வலது ஓரத்தில் இருக்கும் எண் பகுதியைத் தடவினாள். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்ததில் அந்தப் பகுதி பூட்டிக்கொண்டிருக்கிறது, தட்டிய எண் ஒன்றும் உள்ளே போயிருக்காது. அதை எங்களுக்கு அப்புறம்தான் சொன்னாள். அப்போது மேல் வரிசை எண்களில் மூன்று வரியையும் புதிதாகத் தட்டினாள். உதடு மட்டும் அசைந்தது.

பளீரென்று எரிந்தது.

வாசலில் நின்றவர்களில் யாரோ கை தட்டினார்கள். மோகனசுந்தரம் அதட்டி நிறுத்தினார். மூன்று நாற்பத்தெட்டு. நான் மடியில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

நான்கு மணிக்கு மணி அடித்தபோது அவள் பதினெட்டுப் புத்தகம் முடித்திருந்தாள். ஜிஸ்மி இருபதும் முடித்திருந்தாள். இரண்டு புத்தகம். என் கை தின்ற இரண்டு புத்தகம். மோகனசுந்தரமும் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் உள்ளறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பதிவாகச் சரிபார்த்தார்கள். மழை விட்டுவிட்டது. ஜிஸ்மி வந்து ராமலட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மூன்று வரியைத் தனக்கும் சொல்லித் தரச் சொன்னாள். இவள் எண்களை நிறுத்தி நிறுத்திச் சொல்ல, அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

மோகனசுந்தரம் ஒரு தாளோடு வெளியே வந்தார். பழக்கத்தில் நேராக என்னிடம் நீட்டினார். நான் வாங்கினேன். எழுத்து கண்ணில் படுவதற்குள் தாளைத் திருப்பி அவள் கையில் வைத்தேன். இதுவரை நான் செய்ததில் கஷ்டமான காரியம் அதுதான்.

அவள் லென்ஸை எடுத்தாள். தாளை மூக்கோடு சேர்த்துப் பிடித்தாள். எல்லோரும் நின்றோம். அவளுக்கு அவசரமே இல்லை.

"ஜிஸ்மி, இருபது. பிழை ஏழு" என்று படித்தாள். "ராமலட்சுமி, பதினெட்டு. பிழை இல்ல. திங்கக்கெழம காலையில பத்து மணிக்கு வேலைக்கு வரணும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் நிறுத்தாமல் அதே குரலில் தொடர்ந்தாள்.

"இடி இடிக்கிற நேரத்துல வீட்டுக்காரரு வாயனசாலைக்குள்ள வரக்கூடாது. கமிட்டி உத்தரவு."

நான் மோகனசுந்தரத்தைப் பார்த்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் சார், இனிமேல் வரவே மாட்டேன் என்று கைகூப்பினேன். அவர் திருதிருவென்று விழித்தார். ஜிஸ்மி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். அப்படி ஒரு வரியே அதில் இல்லை.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் படித்துச் சொன்னாள். நான் கேட்டு அப்படியே நம்பினேன்.